மவுத்தார்கன் எபியோட அண்ணன்

உள்ள வாங்கம்மா. செருப்பு அங்கயே கிடக்கட்டும். இந்த பிளாக்குல செருப்புத் திருடனுங்க கிடையாது, பாட்டுக்காரனுங்கதான் உண்டு. உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும்.

வாசல்ல நின்னு சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க. எபநேசருக்கு விழா எடுக்குறீங்க. சரி. அவன் பாட வந்து ஐம்பது வருசம் ஆச்சு. சரி. நான் மேடையேறி, அண்ணன்ங்கிற முறையில அவனுக்குப் பொன்னாடை போர்த்தணும். நானு. அவனுக்கு.

சிரிக்கிறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. கீழ இஸ்திரிக்காரர்கிட்ட என்ன கேட்டுட்டு மேல வந்தீங்க? 'மவுத்தார்கன் எபியோட அண்ணன் வீடு எது'ன்னுதானே? கதவுல போர்டு பாத்தீங்களா? ஜே. சாமுவேல் தேவப்பிரகாசம், கொயர் மாஸ்டர். முப்பது வருசத்துக்கு மேல எங்க சபையில பாட்டு நடத்தினவன் நான். இந்தப் புளியந்தோப்புல நாலு குரல்ல பாட்டுன்னா என்னன்னு காட்டினவன். அந்த போர்ட யாரும் படிக்கறதில்ல. தபால்காரர்கூட எபியோட அண்ணன்னுதான் கூப்பிடுறாரு.

அவன் சின்ன வயசுல எப்படின்னு சொல்லணுமா? சொல்றேன். சொல்றதுல எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல, வெக்கப்பட வேண்டியவன் அவன்.

எங்கப்பா பஞ்சு மில்லுல இருந்தாரு, சீக்கிரமே போயிட்டாரு. எனக்கும் அவனுக்கும் பத்து வயசு வித்தியாசம். பேருக்கு அண்ணன், வேலைக்கு அப்பன். அவன் என் பேச்சக் கேட்டதே இல்ல. படிடான்னேன், படிக்கல. மில்லு ஆபீஸ்ல சொல்லி வெச்சேன், போகல. குரல் நல்லா இருந்துச்சு, அத நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். கொயர்ல சேத்தேன். டெனர்ல, அதான் ஆம்பளைங்க மேல்குரல்ல, நிக்க வெச்சா கீழ்க்குரல் பாஸ்காரங்க பாட்டப் பாடுவான், பாஸ்ல நிக்க வெச்சா யாருமே பாடாத ஒண்ணப் பாடுவான்.

அடக்க ஆராதனைக்குப் போறப்ப ஆர்கனத் தூக்கிட்டுப் போக முடியாதுல்ல? அதுக்காக நான் ஒரு மவுத்தார்கன் வாங்கி வெச்சிருந்தேன். பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி 'டோ', அதான் உங்க 'ச', எதுன்னு ஒரு ஊது ஊதிக் காட்டணும். அதுலேர்ந்து நாலு குரலும் அவங்கவங்க சுரத்தப் பிடிச்சுப்பாங்க. ஊதிட்டு பாக்கெட்ல போட்டுக்கணும், அவ்வளவுதான் அதுக்கு வேல. பாட்டுல நிக்க லாயக்கில்லாதவன், இதையாவது செய்யட்டும்னு அந்த வேலைய இவன்கிட்டக் கொடுத்தேன். யானை வாயில போன கரும்பு. இன்னைக்கு வரைக்கும் திரும்பி வரல.

எங்க சபை மூப்பர் ஒருத்தர் இறந்தாரு, பெரிய மனுசன். பெட்டிக்கு முன்னாடி கொயர் நிக்குது. நான் கையத் தூக்கிட்டேன். இவன் 'டோ' ஊதினான். ஊதிட்டு நிறுத்தணுமா இல்லையா? நிறுத்தல. வாசிச்சுக்கிட்டே போறான். அதுவும் எப்படி? மவுத்தார்கன்னா ஊதித்தானே வாசிக்கணும்? இவன் காத்த உள்ள இழுத்து இழுத்து வாசிக்கிறான். இழுக்க இழுக்க, டோ ரே மில வர்ற 'மி' இருக்கு பாருங்க, அது இடம் விட்டு நழுவுது. மியும் இல்ல, மிக்குக் கீழ உள்ளதும் இல்ல. நடுவுல பேரே இல்லாத ஒரு இடத்துல போய் நின்னு நடுங்குது. நாங்க பாட்டு எழுதி வைக்கிற டானிக் சோல்ஃபாவுல அதுக்கு எழுத்தே கிடையாதும்மா. எழுத முடியாத சுரம் சுரமா?

மூப்பரோட சம்சாரம் அதுவரைக்கும் கல்லு மாதிரி உக்காந்திருந்தாங்க. அதக் கேட்டு 'ஓ'ன்னு கதறிட்டாங்க. கொயர்ல நாலு பொம்பளைங்க மூக்க உறிஞ்சுறாங்க. எனக்குக் கூத்தாட்டமா இருந்துச்சு. வெளியில வந்து கேட்டேன், ஏன்டா இழுத்துத் தொலைச்சேன்னு. சொல்றான்: "ஊதினா சந்தோசமா கேக்குதுண்ணே. இழுத்தாத்தான் அழுவுது." பாத்தீங்களா திமிர? அன்னைக்கே கொயர்லேர்ந்து வெளிய போடான்னேன். அத மட்டும் கேட்டிருப்பான்னு நினைக்காதீங்க. அவன் அதுக்கு முன்னாடியே போயிட்டான்.

அப்புறம் எதிர் சந்துல கன்னிம்மான்னு ஒரு மீன்காரம்மா செத்துச்சு. எங்க சபை இல்ல. சாவு வீட்ல கானா பாடுவாங்களே, கேட்டிருப்பீங்க. ராத்திரி பூரா சட்டியும் டோலக்கும் வெச்சுக்கிட்டு, செத்தவங்க பேரச் சொல்லி, அவங்க என்ன செஞ்சாங்க, என்ன தின்னாங்க, யார்கிட்ட சண்ட போட்டாங்கன்னு அங்கயே கட்டிப் பாடுறது. இவன் போய் அந்தக் கும்பல்ல உக்காந்துட்டான். நான் மாடியிலேர்ந்து பாக்குறேன்.

'கூடை தூக்கிக் கூவுன வாயி
கொட்டாவி கூட விடலியே,
பேரம் முடியாம போறியே கன்னிம்மா
பேச்சும் இன்னும் முடியலியே'

இது பாட்டாம். தெருவுல போற எவனும் கட்டுவான். கட்டி முடிச்சு நடுநடுவுல அந்த மவுத்தார்கன இழுப்பான். பொம்பளைங்க மாரடிச்சுக்கிட்டு அழுவும், ஆம்பளைங்க சிரிச்சுக்கிட்டே கண்ணத் தொடைப்பானுங்க.

உங்களுக்குப் புரியாது, நீங்க படிச்ச பிள்ள, வேற ஏரியா. எங்க தாத்தாவோட அப்பா காலத்துல, எவன் வீட்ல சாவுன்னாலும் போய் வாசல்ல உக்காந்து மேளம் அடிக்கணும். வர மாட்டேன்னு சொல்ல முடியாது. அத உதறிட்டுத்தான் அவங்க வேதத்துக்கு வந்தாங்க. ஞானஸ்நானம் வாங்கி, எழுத்துப் படிச்சு, வெள்ள சட்ட போட்டு, புஸ்தகத்தப் பாத்துப் பாடக் கத்துக்கிட்டோம். நாலு தலைமுற. எந்த வாசல்லேர்ந்து எழுந்து வந்தோமோ, இந்த நாய் திரும்ப அங்கயே போய்ச் சம்மணம் போட்டு உக்காந்துக்கிச்சு. அதச் சொன்னா, "அப்ப கூப்பிட்டாங்க, போவாம இருக்க முடியாது. நான் நானா போறேண்ணே"ங்குறான். பெரிய வித்தியாசம்!

அதுக்கப்புறம் கேக்கணுமா? வியாசர்பாடிலேர்ந்து காசிமேடு வரைக்கும் எவன் மண்டையப் போட்டாலும் 'மவுத்தார்கன் எபியக் கூப்பிடு'. லாட்டரி சீட்டு விக்கிறவனுக்குப் பாடினான். 'உலகத்துக்கே பரிசு வித்தியே, உனக்கு விழுந்தது ஆறடியா'ன்னு. ரவுடிக்குப் பாடினான். ஒரு ஆட்டோக்காரனோட நாய் லாரில அடிபட்டுச்சு, அதுக்கும் ஒண்ணு பாடினான், அதக் கேட்டு ஆட்டோ ஸ்டாண்டே அழுதுச்சு. தராதரம்னு ஒண்ணு வேணாமா? கேசட் வந்துச்சு. டீக்கடையில போட்டானுங்க. நான் டீ குடிக்கிறத விட்டேன்.

சினிமாவுல கூப்பிட்டாங்க. அது தெரியுமா உங்களுக்கு? அதையும் உங்க விழா மலர்ல போடுங்க. ஸ்டுடியோவுல நிக்க வெச்சு வாசிக்கச் சொல்லியிருக்காங்க, வாசிச்சிருக்கான். நல்லா இருக்கு, அப்படியே இன்னொரு தடவன்னிருக்காங்க. வேற என்னமோ வாசிச்சிருக்கான். "அதே மாதிரிப்பா"ன்னா, "அது போயிடுச்சு சார், இப்ப வர்றது இதுதான்"னானாம். சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு அனுப்பிட்டாங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஒரு பாட்ட ரெண்டு தடவ ஒரே மாதிரி பாடத் தெரியாதவன் வித்துவானா? என் கொயர், கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் ஒரு இம்மி மாறாம பாடும். அன்னைக்கு நான் ரோசலின்கிட்ட இதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். அவ சிரிக்கல. சோறு போட்டுட்டு உள்ள போயிட்டா.

ரோசலின் என் சம்சாரம். கொயர்ல ஆல்டோ, பொம்பளைங்க கீழ்க்குரல். அப்படி ஒரு ஆல்டோ இனிமே வராது. ஆல்டோ பாடுறவங்கள யாரும் கவனிக்க மாட்டாங்கம்மா, காதுக்குத் தனியாத் தெரியாது. ஆனா அது நின்னா பாட்டு பொக்குன்னு போயிடும். எங்களுக்குப் பிள்ள இல்ல. அவளும் நானும், இந்த ரெண்டு ரூமும்.

அவனுக்குக் கல்யாணமும் இல்ல, ஒரு இழவும் இல்ல. குடியாவது உண்டான்னா, அதுவும் கிடையாது! சாவு வீட்ல ஊத்திக் கொடுக்கிறதக்கூடத் தொடமாட்டான். குடிகாரன்னா குடிச்சுக் கெட்டான்னு சொல்லிட்டுப் போயிடலாம். இவன் டீயக் குடிச்சே கெட்டுப்போனவன்.

ஒரு வெள்ளக்காரர் வேற வந்தாரு, அமெரிக்காவுல ஏதோ காலேஜாம். வந்து எபிகூட சாவு சாவா சுத்தினாரு. அவங்க ஊர்ல பருத்திக் காட்டுல அடிமையாக் கிடந்த கறுப்பு ஜனங்களோட பிள்ளைங்க இப்படித்தான் மவுத்தார்கன இழுத்து வாசிப்பாங்களாம், அதே மாதிரி மி நழுவுமாம். அதுக்குப் பேரு ப்ளூஸாம். நீலம்! வேட்டிக்குப் போடுற நீலமான்னு கேட்டேன். இவன் அவர்கிட்ட சொல்லியிருக்கான், "எங்களுக்குப் பருத்தி காட்டுல இல்ல சார், மில்லுல"ன்னு. அந்தாளு அத எழுதி வெச்சுக்கிட்டாரு. ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்களாம். முறை தவறிப் போனத ஒரு வெள்ளக்காரன் வந்து சரின்னு சொல்லிட்டா அது முறையாயிடுமா? நாலு குரல் பாட்டையும்தான் வெள்ளக்காரன் சொல்லிக் கொடுத்தான்னு கேக்காதீங்க. அது வேற.

தண்ணி குடிங்கம்மா. முடியப் போவுது.

ரோசலினுக்குக் கிட்னி போச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக் கூட்டிட்டு வரணும். ஒருநாள் சாயங்காலம் கொயர் பிராக்டிஸுக்குப் போனேன், டெனர்காரனுங்க ஒருத்தனும் வரல, சீக்கிரமே திரும்பிட்டேன். படி ஏறுறப்பவே கேக்குது, மவுத்தார்கன். என் வீட்டுக்குள்ள. நான் இல்லாத நேரமாப் பாத்து வந்து போய்க்கிட்டு இருந்திருக்கான், எத்தன நாளாவோ. அது போகட்டும். கூடவே ஒரு குரல் பாடுது. ரோசலின். அந்த நழுவுற மிய, அவன் இழுக்கிற அதே இடத்துல போய்ப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. முப்பது வருசம் என் கைக்குக் கீழ, மயிரிழை பிசகாம பாடினவ. பாடிட்டு சிரிக்கிறா. என்கிட்ட அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சு நான் கேட்டதில்ல.

உள்ள போனேன். இந்த வீட்ல இனிமே அந்தக் கருமம் கேக்கக் கூடாதுன்னேன். அவன் மவுத்தார்கன உதறி, சட்டப் பையில போட்டுக்கிட்டு, "வர்றேன் அண்ணி"ன்னு போயிட்டான்.

அவ அப்பக் கேட்டா. "நான் போறப்ப உங்க கொயர் பாடட்டும். அப்புறம் எபியும் ஒண்ணு பாடட்டுங்க"ன்னா. நீ காய்ச்சல்ல பேசுறேன்னேன். "காய்ச்சல் இல்ல, தொட்டுப் பாருங்க. உங்க பாட்டு எல்லாத்துலயும் கர்த்தர் பேருதான் இருக்கு. எம் பேர வெச்சு ஒருத்தர் பாடட்டுமே, ஒரே ஒரு தடவ"ன்னா. நான் சொன்னேன், கர்த்தரே உன்னப் பேர் சொல்லிக் கூப்பிடுவாரு ரோசலின், வேதத்துல இருக்குன்னு. அதுக்கு அவ சொன்னா: "அவரு கூப்பிடுறது உங்க யாருக்கும் கேக்காதே."

வியாதிக்காரங்க என்னத்தையாவது சொல்வாங்க. அதெல்லாம் கணக்குல எடுத்துக்க முடியுமா?

பங்குனியில போயிட்டா. மறுநாள் சாயங்காலம் எடுக்கிறதா ஏற்பாடு. மத்தியானம் கீழ பாத்தா கூட்டம். எபியோட ஆளுங்க டோலக்கு, சட்டி எல்லாம் கொண்டாந்து வேப்பமரத்துக்குக் கீழ வெச்சுக்கிட்டு நிக்கிறானுங்க. பிளாக்கு ஜனமெல்லாம் ஜன்னல்ல. 'அண்ணிக்கு எபி என்ன பாடப் போறான்'னு காத்துக் கிடக்கு. நான் இறங்கிப் போனேன். அவன் கண்ணு வீங்கியிருந்துச்சு. சொன்னேன்: "எபி, இது மரியாதப்பட்ட சாவு. இங்க உன் சத்தம் ஒண்ணும் வரக் கூடாது."

"சரிண்ணே"ன்னான்.

அவ்வளவுதான். ஆளுங்களப் பாத்துத் தலைய ஆட்டினான், அவனுங்க டோலக்க உறைக்குள்ள போட்டானுங்க. மேல வந்து அவ கால்மாட்டுல தரையில உக்காந்தான்.

கொயர் வந்துச்சு. ஏழு பேரு. மத்தவங்க வேலைக்குப் போயிருந்தாங்க, சில பேரு மாத்தலாகிப் போயாச்சு. சுருதி கொடுக்க ஒண்ணும் இல்ல. மவுத்தார்கன் அவன் பையிலதான் இருந்துச்சு, எனக்குத் தெரியும். கேப்பேனா நான்? நானே வாயால 'டோ' பிடிச்சுக் கொடுத்தேன். கொஞ்சம் ஏத்தமாப் போயிடுச்சு. சோப்ரானோ பொம்பளைங்க மேல எட்ட முடியாம குரல் கீச்சுன்னு போச்சு. ஆல்டோல ஆளே இல்ல. இருந்தாலும் நாலு சரணமும் பாடி முடிச்சோம். என் சம்சாரத்தோட பெட்டிக்கு முன்னாடி நின்னு நானே கை போட்டு நடத்தினேன்மா. ஒரு தாளம் தவறல. யாரு செய்வா சொல்லுங்க? அழாம இருக்க முடிஞ்சுதான்னு எங்க பாதிரி ஐயரு அப்புறம் கேட்டாரு. தாளம் எண்ணிக்கிட்டிருக்கிறவன் எப்படிங்க அழுவான்னேன்.

ஒருத்தரும் அழல. ரொம்ப ஒழுங்கா இருந்துச்சு. எதிர்வீட்டுப் பொம்பள கைக்கடியாரத்தப் பாத்துச்சு, அதையும் பாத்தேன்.

கல்லறைத் தோட்டத்துல இறக்கினோம். ஐயரு ஜெபம் பண்ணாரு, மண்ணு போட்டோம். போட்டு முடிஞ்சு ஒரு நிமிசம் எல்லாரும் சும்மா நின்னாங்க. அப்ப எல்லாரும் அவனைத்தான் பாத்தாங்க. ஐயரு பாத்தாரு, என் கொயர்ல இருந்த ஏழு பேரும் பாத்தாங்க. நானும் பாத்தேன். அவன் என்னைப் பாத்துக்கிட்டு நிக்கிறான். கை சட்டப் பைக்கிட்ட இருக்கு. பை மேல, வெளியில. பாத்துக்கிட்டே இருந்தான்.

நான் தலைய ஆட்டியிருந்தாப் போதும்னு சொல்வீங்க. கொயர்ல இருந்தவங்களும் பின்னாடி அதத்தான் சொன்னாங்க. நான் ஏன் ஆட்டணும்? இதுக்கு முன்னாடி அந்த மவுத்தார்கன எடுத்து வாசிக்க எவன்கிட்ட அவன் உத்தரவு வாங்கியிருக்கான்?

கைய எடுத்துட்டான். செருப்ப மாட்டிக்கிட்டு, தோட்டத்து கேட்டத் தாண்டிப் போயிட்டான். அதுக்கப்புறம் இங்க வரவும் இல்ல, நான் கூப்பிடவும் இல்ல.

எழுந்துக்காதீங்க, இருங்க. இதக் கேட்டுட்டுப் போங்க. பொறந்ததுலேர்ந்து என் பேச்ச மதிச்சிருக்கானா அவன்? படின்னா படிச்சானா? நிறுத்துன்னா நிறுத்தினானா? மீன்காரிக்குப் பாடாதேன்னேன், பாடினான். ரவுடிக்குப் பாடினான். தெருவுல செத்த நாய்க்குப் பாடினான்மா! ரோசலின் கையால தின்ன சோறு எத்தன? அவளுக்கு, அவ வாய்விட்டுக் கேட்ட ஒரே ஒரு பாட்டு. அண்ணன் வேணாம்னுட்டானாம், இவன் 'சரிண்ணே'ன்னு நல்ல பிள்ள மாதிரி போயிட்டானாம்.

நான் வேணாம்னுதாம்மா சொல்லுவேன். நான் கொயர் மாஸ்டர், வேற என்ன சொல்லுவேன்? பாட வேண்டியவன் அவன்.